காப்புக் கட்டிய கிணறு

அந்தப் பெண் சொம்பில் இருந்த தண்ணீரைத் தன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாளா, கொட்டிவிட்டாளா? வருடங்கள் ஆகியும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கட்டடங்களுக்குத் தண்ணீர், விளக்கு, கழிவுநீர் வழிகளைத் திட்டமிடும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நம் தொழில் இதழில் உங்களுக்காக ஏதாவது எழுதச் சொல்லி என்னைக் கேட்டபோது முதலில் மறுத்தேன். இது ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய பக்கம். நான் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். உங்களில் பலரைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். பத்து வேலைகளில் ஒன்பது சரியாக நடந்தவை, அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பத்தாவதைப் பற்றி எழுதுவது சரியா என்று இதை எழுதும்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

எண்பத்து மூன்றில் தருமபுரியில் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். அந்த மாவட்டத்தில் ஓர் ஊரில், ஒரு பாறையின் அடிவாரத்தில் இருக்கும் பழைய கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். விளக்கு, மோட்டார், குழாய், கழிப்பறை எல்லாம் எங்கள் பொறுப்பு. கல்லில் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்றார்கள். இரண்டு கல் சேரும் இடுக்கிலேயே ஒயரைக் கொண்டுபோனோம். கோமுகி வழியாக வெளியே வரும் அபிஷேகத் தண்ணீரை யார் காலும் மிதிக்கக் கூடாது, அது எந்தச் சாக்கடையோடும் சேரக் கூடாது என்றார்கள். தனிக் கால்வாய் வெட்டி நந்தவனத்துக்கு விட்டோம். வெளியே போகும் தண்ணீருக்கு அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டோம். உள்ளே வரும் தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கழிப்பறைகளை எங்கே வைப்பது என்பதில் மட்டும் விவாதமே எழவில்லை. ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், கோயில் கிணறு. அதிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிப் போனால் தென்மேற்கு மூலை. சாஸ்திரம் பார்ப்பவர்களுக்குத் திருப்தி. எங்கள் கையேட்டில் சொன்ன தூரத்தைவிட அதிகமாகவே இருந்ததால் எங்களுக்கும் திருப்தி. வரைபடத்தில் கழிப்பறையையும் அதன் உறிஞ்சுகுழியையும் போட்டது நான். அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டார். குருக்கள் எட்டிப் பார்த்து, "கெணத்துக்கு முதுகைக் காட்டிண்டு இருக்கு, ரொம்ப நல்லது" என்றார்.

அப்போது என் மகளுக்கு ஒரு வயது ஆகவில்லை. என் கணவர் பள்ளி ஆசிரியர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவேன். கோயில் வளாகத்தில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்த கல்தச்சர் ஒருவரின் மனைவி சின்னப்பொண்ணு குழந்தையை வாங்கிக்கொள்வாள். "இங்கிலீசு படிச்ச அம்மா வந்துட்டாங்க, நம்ம ஆபீச தொறங்க" என்று தன் பிள்ளைகளை நகரச் சொல்லிவிட்டு, கொட்டகையில் தூளி கட்டுவாள். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அங்கே அது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. காலைப் பூஜை முடிந்து வரும் குருக்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதுபோல என் மகள் உதட்டிலும் உத்தரணிக் கரண்டியால் கொஞ்சம் தீர்த்தம் விடுவார். அவள் நாக்கைச் சப்புவதைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கும்பாபிஷேகம் நெருங்கிய வாரத்தில் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருத்துவர், "என்ன தண்ணி குடுக்கறீங்க?" என்று கேட்டார். "காய்ச்சின தண்ணி மட்டும்தான் டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை. தீர்த்தத்தை நான் தண்ணீராக நினைத்ததே இல்லை.

அவளுக்குக் கொஞ்சம் தேறியதும் அவளை என் கணவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கொட்டகையில் சின்னப்பொண்ணின் கடைசிப் பையன் துவண்டு கிடந்தான். பக்கத்துக் கொட்டகையிலும் ஒரு குழந்தைக்கு அதே நிலை. "வெயிலு சூடுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தக் கோடையில் மழை பெய்யவில்லை, வெயிலும் கடுமைதான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனேன். கட்டட ஒப்பந்தக்காரர் முனிரத்தினம் உற்சாகமாக இருந்தார்.

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த குழி இருக்குதே, சூப்பருங்க. இத்தன பேரு பொழங்கறாங்க, கூட்டத்துக்குத் தாங்குதா பாக்கலாம்னு டேங்கர் தண்ணிய வேற ஊத்திப் பாத்தன். ஒரு முழம் ஏறல. குடிச்சிக்கிட்டே இருக்குது."

"தோண்டும்போது மண்ணா வந்துச்சா?"

"மண்ணு எங்கங்க இங்க? பூரா பாறை. நாலு வெடி வெச்சுத்தான் எடுத்தன்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். மண்ணில் தோண்டிய குழி தண்ணீரை உறிஞ்சும். கருங்கல்லில் தோண்டிய குழி உறிஞ்சாது, தொட்டிபோல நிரம்பி நிற்க வேண்டும். நிரம்பவில்லை என்றால், வெடியில் திறந்த ஏதோ ஒரு வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது?

திரும்பிப் பார்த்தேன். தென்மேற்கு மேடாகவும் வடகிழக்கு பள்ளமாகவும் இருப்பது மனைக்கு நல்ல லட்சணம் என்பார்கள். அந்தப் பாறை அப்படியேதான் சாய்ந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கிணறுவரை ஒரே சரிவு. இத்தனை மாதம் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். தூரத்தை நாடா பிடித்து அளந்திருக்கிறேன். சரிவு கண்ணில் பட்டதே இல்லை.

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: ஏதாவது ஒன்று எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அப்படி வேலை செய்ய அதனால் எப்படி முடிகிறது என்று கேளுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கோயில் கிணற்றை மூடச் சொல்ல முடியாது. குழியில் சாயம் கரைத்து ஊற்றிப் பார்க்கலாமா என்று முனிரத்தினத்திடம் கேட்டேன். அதற்குள் அவர் முகமும் மாறியிருந்தது.

"வேணாங்க மேடம். கெணத்துத் தண்ணி செவந்துச்சுன்னா ஊரே கூடிரும். சாமிக்குக் கோவம்னு ஆரம்பிச்சா அப்புறம் யாரு நிறுத்தறது?"

சந்தையிலிருந்து கல்லுப்பு மூட்டை வாங்கிவரச் சொன்னேன். அதைக் கரைத்துக் குழியில் ஊற்றினோம். மறுநாள் காலையில் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்து, மடப்பள்ளியில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பால் கொடுக்கிறவள், ஒரு சொட்டுகூட வைக்கலாமா என்று அப்போதும் தயங்கினேன். கொதித்த தண்ணீர்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வைத்தேன்.

உப்புக் கரித்தது.

முனிரத்தினத்திடம் நீட்டினேன். அவரும் சுவைத்துவிட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். நான் முதலில் செய்தது, ஓடிப்போய்ச் சின்னப்பொண்ணிடம் தண்ணீரைக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று சொன்னது. "வெறவு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். முனிரத்தினத்தின் சாரத்துக் கட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்து அஞ்சலகம் போய் டிரங்க் கால் போட்டு எங்கள் தலைவரிடம் சொன்னேன். "கையேட்டுல சொன்ன தூரத்துக்கு மேலதானம்மா விட்டிருக்கோம்?" என்றார். "ஆமாம் சார், ஆனா பாறை சார்" என்றேன். "கும்பாபிஷேகம் முடியட்டும். முடிஞ்சதும் பாத்துக்கலாம். நீ எதையும் சொல்லிக் கலவரம் பண்ணிடாத" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அந்தத் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யாகசாலைக் கலசங்களுக்கு அந்தக் கிணற்றிலிருந்துதான் நீர் எடுக்கப் போகிறார்கள். அதைக் கோபுரத்தின் மேலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள்மேல் தெளிப்பார்கள். வாயைத் திறந்து ஏந்துவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். முடிந்ததும் பார்த்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்?

தர்மகர்த்தாவையும் குருக்களையும் தனியாக ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் சொன்னேன். தர்மகர்த்தா அந்தப் பக்கத்தில் நிறைய நிலம் வைத்திருந்தவர். சாதாரணமாகவே குரல் பெரியது. அன்று மெதுவாகப் பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நீங்க சொல்லி நான் கோயில் கெணத்த மூடினன்னா, வேதக்காரங்க பேச்சக் கேட்டு மூடிட்டான்னு என் பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் பேசுவாங்க."

"நீங்களே குடிச்சுப் பாருங்க. காய்ச்சி வெச்சிருக்கேன்."

குடித்துப் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். "குழி வெட்டுனவன் நீதான?" என்றார். "வெட்டச் சொன்னது நீங்கதானுங்க" என்றார் அவர். சண்டை அங்கேயே தொடங்கியிருக்கும். குருக்கள் தரையில் உட்கார்ந்துவிட்டதால் இருவரும் நிறுத்தினார்கள்.

குருக்கள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தத் தண்ணீரைச் சுவாமிமேல் ஊற்றுபவர். முதலில் தீட்டு, பரிகாரம் என்றுதான் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உன் கொழந்தைக்கு எப்படி இருக்கு?" என்றார்.

"தேவலை சாமி."

"நான்தானே குடுத்தேன்" என்றார். "எத்தனை கொழந்தைகளுக்குக் குடுத்திருக்கேன்." அந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

வழி கண்டுபிடித்தது தர்மகர்த்தா. ஏரியூர்ப் பக்கம் ஆள் அனுப்பிக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து கலசத்துக்கு வைக்கலாம், அது ஊருக்கே பெருமை, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கழிப்பறையைப் பூட்டிவிட்டு, கிணற்றுக்குக் கீழே தள்ளியிருக்கும் காட்டில் மறைப்புக் கட்டிப் பள்ளம் வெட்டலாம். எல்லாம் சரி. கிணற்றுக்கு என்ன சொல்வது?

"கெணத்துக்குக் காப்புக் கட்டிருங்க சாமி. காப்புக் கட்டினா எவன் தொடுவான்?"

"கெணத்துக்குக் காப்பா? சாஸ்திரத்துல அப்படி ஒண்ணு இல்லையே."

"இன்னியில இருந்து இருக்கட்டும் சாமி. நாம என்ன கெடுதலுக்கா கட்டறம்?"

குருக்கள் என்னைப் பார்த்தார். என் சம்மதத்தை எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது. நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் ஊரார் சாயங்காலம்வரை வாதாடுவார்கள், வாதாடும் நேரமெல்லாம் கிணற்றில் வாளி இறங்கிக்கொண்டிருக்கும். காப்பு என்றால் உடனே நிற்கும். கணக்கு எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

அப்படியே நடந்தது. கிணற்றின் கல் தூண்களில் மஞ்சள் துணியைச் சுற்றி, மாவிலை கட்டினார்கள். அந்த நிமிடத்திலிருந்து ஒரு வாளி இறங்கவில்லை. குடிக்க டேங்கர் தண்ணீர் வந்தது. மேளத்தோடு காவிரித் தீர்த்தம் வந்தது. கொட்டகைப் பிள்ளைகள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். எங்கள் தொழிலில் எந்த அறிவிப்புப் பலகைக்கும் கிடைக்காத மரியாதை அந்த மஞ்சள் துணிக்குக் கிடைத்தது. நான் வெட்கமில்லாமல் நிம்மதிப்பட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். கோபுரத்தில் நீர் ஊற்றி, கூட்டத்தின்மேல் தெளித்து, எல்லாம் நல்லபடி முடிந்தது. சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகும் வழியில் பார்த்தேன். கூட்டம் பந்தலுக்குப் போகாமல் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. கையில் சொம்பு, பாட்டில், தூக்குப்போசி.

ஒரு பெரியவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கெணத்துக்குங்க. காவிரி எல்லா ஊருக்கும் ஓடுது. காப்புக் கட்டின கெணறு எங்கயாச்சும் உண்டுங்களா? எங்க ஊருக்கு மட்டும்தான்."

கமிட்டி ஆட்கள் கம்போடு நின்று தடுத்தார்கள். தடுக்கத் தடுக்கத் தண்ணீருக்கு மதிப்புக் கூடியது. பின்பக்கத்திலிருந்து கயிற்றில் சொம்பைக் கட்டி இறக்கிவிட்டார்கள். சாதாரணக் கிணறாக விட்டிருந்தால் அன்று யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மதில் ஓரமாக ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் மெலிந்த ஆண் குழந்தை, கையில் நிறைந்த பித்தளைச் சொம்பு. நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது வேண்டாம்மா. குடிக்கற தண்ணி இல்ல."

"ஒரு வாய்தாங்க. பொறந்ததுல இருந்து இவனுக்கு ஒடம்பு தேறல. எங்க ஆத்தா தூக்கினு போகச் சொன்னாங்க."

"அதுல கக்கூஸ் தண்ணி கலந்திருக்கு. நான் இங்க இஞ்சினியர். எனக்குத் தெரியும்."

அவள் முகம் வெளிறியது. நான் சொன்னது உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். அவள் பார்வை என் கழுத்துச் சங்கிலிக்கு இறங்கியது. அதில் சின்னச் சிலுவை உண்டு.

"இந்தக் கோயில்ல நின்னுக்கிட்டு இப்பிடிச் சொல்ல உங்களுக்கு எப்பிடிங்க மனசு வருது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. தாங்க முடியாததைக் கேட்டவள்போல மெதுவாகச் சொன்னாள். கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பின்னால் ஓடியிருக்க வேண்டும். சொம்பைப் பிடுங்கிக் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் இன்னும் எத்தனை சொம்புகள் வந்துகொண்டிருந்தன என்று கண் முன்னால் தெரிந்தது. நான் மேடைக்கு ஓடினேன். தர்மகர்த்தா மைக்கில் நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி எடுக்கறாங்க" என்றேன். அவர் பந்தலுக்கு மேலாகக் கிணற்றுப் பக்கம் பார்த்தார். மைக்கை என் பக்கம் கொஞ்சம் நீட்டினார். நிஜமாகவே கொடுக்க நினைத்தாரா, கை தானாக அசைந்ததா, தெரியாது. அந்தப் பெண் சற்று முன் கேட்டது என் காதில் இருந்தது. நான் வாங்கவில்லை. அவர் மைக்கைத் திருப்பிக்கொண்டார்.

"காப்புக் கட்டின கெணத்துத் தண்ணிய எடுத்தவங்க அப்பிடியே நந்தவனத்துல ஊத்திருங்க. காப்பு அவுக்காம அந்தத் தண்ணிய வாயில வெச்சா குடும்பத்துக்கு ஆகாது. பிள்ளைங்களுக்கு ஆகாது. ஆண்டவன் உத்தரவு."

ஒலிபெருக்கியில் வந்த குரலைப் பாறை திரும்பச் சொன்னது. எல்லாரும் நந்தவனத்தை நோக்கி நடந்தார்கள். சொம்பு சொம்பாகக் கொட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். ஒரு துளிகூட மிஞ்சியிருக்காது. வேலை என்று பார்த்தால் முழு வெற்றி.

நான் அந்தப் பெண்ணைத் தேடினேன். அவள் அதற்குள் கொடுத்திருந்தால்? 'பிள்ளைகளுக்கு ஆகாது' என்ற சொல் அவள் காதில் விழும்போது, குழந்தையின் உதடு ஈரமாக இருந்திருந்தால்? தண்ணீரால் வரும் நோய்க்கு மருந்து உண்டு. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தாய்க்கு என்ன கொடுப்பது? நந்தவனத்தில் தேடினேன், பந்தலில் தேடினேன், கொட்டகைகளில் கேட்டேன். தருமபுரிப் பேருந்தும் கிருஷ்ணகிரிப் பேருந்தும் கூரையெல்லாம் ஆட்களோடு புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். எத்தனையோ பெண்கள், எத்தனையோ குழந்தைகள். அவள் இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழியை மூடினோம். கழிப்பறையைக் கிணற்றுக்குக் கீழே, சரிவில் தள்ளி, மண் உள்ள நிலத்துக்கு மாற்றினோம். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பரிசோதித்து, நல்ல தண்ணீர் என்று உறுதியான பிறகு குருக்கள் காப்பை அவிழ்த்தார். அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "நான் இருக்கற வரைக்கும் இது வெளியில வேண்டாம்மா. எங்கிட்ட தீர்த்தம் வாங்கிண்டவா மொகத்த நான் தெனம் பாக்கணும்." சரி என்று சொன்னேன். அதனால்தான் இங்கே ஊர்ப் பெயரை எழுதவில்லை.

போன வாரம் முனிரத்தினம் வீடு தேடி வந்தார். தர்மகர்த்தா காலமாகிவிட்டார். புதிய கமிட்டி வந்திருக்கிறது. கூட்டம் பெருகிவிட்டதால் இன்னும் பெரிய கழிப்பறை கட்டப் போகிறார்கள். கீழ் நிலம் வெகுதூரம், வயதானவர்களுக்குச் சிரமம் என்று சொல்லி, பழைய தென்மேற்கு மூலையையே காட்டியிருக்கிறார்கள்.

"கெணத்துக்கு எட்டத்தான இருக்குது, என்ன குத்தம்னு கேக்கறாங்க மேடம். நான் என்னன்னு சொல்றது? நான் எடுக்கலன்னா வேற ஆளு வந்து வெடி வெப்பான்."

நான் அந்த அலுவலகத்தில் இல்லை. என் வார்த்தைக்கு இப்போது பதவியும் இல்லை. குருக்கள் இருக்கிறார், வயதாகிவிட்டது, இன்னமும் தீர்த்தம் கொடுக்கிறார். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கமிட்டியிடம் சொல்லலாம். அப்படிச் சொன்னாலும், என் வாயிலிருந்து வந்தால் அது எப்படிக் கேட்கப்படும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன். முதலில் குருக்களிடமே போய் அனுமதி கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன். இந்த வயதில் அவரை மறுபடி அந்த மண்டபத்தில் உட்கார வைப்பதா என்று கால் பின்வாங்குகிறது. இன்னொரு காப்பை மட்டும் கட்டச் சொல்ல மாட்டேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு நிலையில் பேசி, நம்பப்பட்டிருக்கிறீர்களா? யாரிடம் முதலில் போனீர்கள்? எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள்? எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த மூலையில் குழி வெட்டச் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். அதற்கு முன்னால் எழுதுங்கள்.